51 சென்ட்டுக்கு ஒரு ஊர்

அமெரிக்காவில் கொஞ்சமாவது ஊர் சுற்றியவர்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். மிருகக்காட்சி சாலை, அருங்காட்சியகம், அருவி, கலங்கரை விளக்கம், எதுவானாலும் சரி, நினைவுப் பொருள் கடையை ஒட்டியோ கழிப்பறைக்குப் போகும் வழியிலோ ஒரு பெட்டி நிற்கும். கண்ணாடி வழியாகப் பார்த்தால் உள்ளே பெரிய பெரிய பல்சக்கரங்கள். வெளியே இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றும்படி ஒரு கைப்பிடி. இரண்டு குவார்ட்டரும் (25 சென்ட் காசு) ஒரு பென்னியும் (ஒரு சென்ட் காசு) வைத்து உள்ளே தள்ளிவிட்டுக் கைப்பிடியைச் சுற்றினால், வட்டமாக உள்ளே போன பென்னி நீள்வட்டமாகி, அந்த ஊரின் படம் பதிந்து, இளஞ்சூட்டோடு கீழே வந்து விழும். மொத்தச் செலவு 51 சென்ட்.

குழந்தைகள் சமாச்சாரம் என்று பெரும்பாலானவர்கள் கடந்து போய்விடுகிறார்கள். நான் பல வருஷமாக இதைத்தான் சேர்க்கிறேன். ஃப்ரிட்ஜில் ஒட்டுகிற காந்தம், சாவிக்கொத்து, பெயர் போட்ட காபிக் கோப்பை எல்லாம் எங்கோ ஒரு தொழிற்சாலையில் மொத்தமாகச் செய்து பெட்டி பெட்டியாக வந்து இறங்கியவை. அழுத்திய பென்னி அப்படியில்லை. நான் அங்கே நின்று, என் கையால் சுற்றியதால்தான் அது உண்டானது. அதோடு, அது நிஜக் காசு. ஒருவர் ரொட்டி வாங்கி, இன்னொருவர் பெட்ரோல் போட்டு, மிச்சச் சில்லறையாகக் கைமாறிக் கைமாறி என்னிடம் வந்து சேர்ந்த காசு. இப்போது கைநழுவிக்கொண்டிருப்பது இந்த இரண்டாவது விஷயம்தான்.

2025 நவம்பர் 12-ஆம் தேதி ஃபிலடெல்ஃபியா நாணயச் சாலையில், புழக்கத்துக்கான கடைசி பென்னிகளை அடித்து முடித்துவிட்டார்கள். 1793-லிருந்து அடித்துவந்த காசு. ஒரு சென்ட் காசு அடிக்க 2024 நிதியாண்டில் 3.69 சென்ட் செலவானதாக நாணயச் சாலையே கணக்குக் கொடுத்திருந்தது. அப்படிப் பார்த்தால் நிறுத்தியதில் நியாயம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஏற்கெனவே வெளியே இருக்கும் பென்னிகள் சுமார் 30,000 கோடி என்று அரசு மதிப்பீடு சொல்கிறது, அவை செல்லும் காசுதான். ஆனால் அவற்றில் பெரும்பகுதி வீட்டு ஜாடிகளிலும் கார் இடுக்குகளிலும் சோபா மெத்தைக்கு அடியிலும் கிடக்கிறது. கடைகள் பில் தொகையை ஐந்து சென்ட்டுக்கு முழுமையாக்கத் தொடங்கிவிட்டன. சட்டைப் பையில் தானாக வந்து சேரும் பென்னி இனி குறைந்துகொண்டேதான் போகும்.

ஆகவே இந்தப் பொழுதுபோக்கைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் இயந்திரம். இதை எனக்குச் சரியாகப் புரியவைத்தவர் என் தாய்மாமா. கோவை ராஜ வீதிப் பக்கம் நகைப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இங்கே அமெரிக்காவில் எங்களிடம் வந்திருந்தபோது அவரை சான்ஃபிரான்சிஸ்கோவின் ஃபிஷர்மன்ஸ் வார்ஃபில் இருக்கும் ம்யூசே மெக்கானிக் என்ற அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனோம். காசு போட்டால் ஆடும் பழைய பொம்மைகள், ஜோசியம் சொல்லும் பெட்டிகள், கையால் சுற்றிப் பார்க்கும் படக்காட்சிகள் என்று ஒரு பெரிய கொட்டகை நிறைய வைத்திருக்கிறார்கள். மாமா எதிலும் அதிகம் நிற்கவில்லை. பென்னி அழுத்தும் இயந்திரத்துக்கு முன்னால் மட்டும் நின்றுவிட்டார். மூக்குக் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"கண்ணு, இது நம்ம பட்டறைல தகடு இழுக்கற மிஷின்தானே?"

"ஏனுங்க மாமா, அப்ப படம் எப்படி வருது?"

"ஒரு உருளைல படத்தை இடவலம் மாத்தி வெட்டியிருக்கான் பாரு. அங்க பள்ளமா வெட்டுன எடம் காசுல மேடா எந்திரிக்கும். இன்னொரு உருளை வெறும் மொழுக்குனு இருக்கும். ரெண்டுக்கும் நடுவுல காசு போகுது, அவ்வளவுதான்."

அதேதான். பென்னியின் தடிமன் சுமார் 1.5 மில்லிமீட்டர். இரண்டு எஃகு உருளைகளுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி அதைவிடக் குறைவு. காசு அதற்குள் புகுந்து வெளியே வரவேண்டுமென்றால் மெலிந்தே ஆகவேண்டும், மெலிந்த உலோகம் எங்காவது போயாகவேண்டும். அது பக்கவாட்டில் அவ்வளவாகப் பரவாமல் நீளவாக்கில் மட்டும் ஓடுவது ஏன் என்று எனக்கு வெகுநாள் சந்தேகம். சப்பாத்திக் கட்டையை ஒரே திசையில் மட்டும் உருட்டினால் மாவு அந்தத் திசையில்தானே நீளும்? அதோடு இங்கே உருளையின் பிடிமானம் உலோகத்தைப் பக்கத்தில் நகரவிடாமல் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. 19 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டம் ஏறக்குறைய இரு மடங்கு நீளத்துக்கு வருவது அப்படித்தான்.

காசு கீழே விழுந்ததும் மாமா அதை எடுத்து ஓரத்தை நகத்தால் தடவிப் பார்த்தார். அவர் பார்வை படத்தின் மேல் போகவே இல்லை. "ஒரே தடவைல இவ்வளவு இழுத்தும் ஓரம் வெடிக்கல. நாங்கெல்லாம் ரெண்டு மூணு தடவ விட்டோம்னா எடுத்துக் காய்ச்சி, ஆற வெச்சு, அப்புறந்தான் மறுபடி விடுவோம். இல்லீன்னா பொன்னும் விறைச்சுக்கும்" என்றார். உலோகத்தை அழுத்த அழுத்த அது கடினமாகிக்கொண்டே போகும், காய்ச்சினால் மறுபடி இளகும். பென்னி ஒரே ஒருமுறைதான் போகிறது என்பதால் தப்பித்துக்கொள்கிறது. கீழே விழும்போது காசில் இருக்கும் அந்த இளஞ்சூடும் நெருப்பில் வந்ததில்லை, நசுங்கியதில் வந்த சூடு. கை வலிமை முழுக்கப் பல்சக்கரங்களில் பல மடங்காகிப் போய் அந்தச் சின்னக் காசின் மேல் இறங்குவதால்தான் ஆறு வயதுப் பையன்கூட அதைச் சுற்ற முடிகிறது. எங்கள் பையன் முகமெல்லாம் சிவக்கச் சுற்றினான். பக்கத்தில் நின்று கைப்பிடியைத் தொடாமல் "இன்னொரு சுத்து, இன்னொரு சுத்து" என்று சொல்லிக்கொண்டே இருந்தார் மாமா.

பெரும்பாலான இயந்திரங்களில் ஒரே உருளையைச் சுற்றி மூன்று அல்லது நான்கு படங்கள் வெட்டியிருக்கும். எது வேண்டுமோ அது கண்ணாடிக் குறியில் வரும்வரை சுற்றிவிட்டு, பிறகுதான் காசைத் தள்ள வேண்டும். அவசரப்படுத்தும் பிள்ளைகள் உடன் வந்தால் இதை முன்பே சொல்லிவையுங்கள். உருளைக்குள் போன காசு திரும்பி வராது.

அடுத்தது காசு. இதில்தான் கொஞ்சம் விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

1982-ஆம் ஆண்டின் நடுவில் அமெரிக்கா பென்னியின் உலோகத்தை மாற்றியது. அதற்கு முன்பு 95 சதவீதம் செம்பு, எடை 3.11 கிராம். பின்பு வந்தது 97.5 சதவீதம் துத்தநாகம், மேலே மட்டும் மெல்லிய செம்புப் பூச்சு, எடை 2.5 கிராம். மேசையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். உருளைக்குள் போய்வந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். பூச்சு இழுபட்டுக் கிழிந்து, படத்துக்குக் குறுக்கே வெள்ளி நிறக் கோடுகள் ஓடும். அப்போதைக்கு மினுமினுப்பாகத்தான் தெரியும், ஆனால் வெளியே வந்த துத்தநாகம் நாள்பட நாள்பட வெளுத்து, பொரிந்து, படத்தைத் தின்றுவிடும். பழைய செம்புக் காசோ முழுக்க ஒரே நிறத்தில், ஆழமாக, வரிக்கு வரி தெளிவாகப் பதியும். வருஷம் ஆக ஆக நல்ல பழுப்பு ஏறும். சேகரிப்பவர்கள் 1982-க்கு முந்தைய காசுக்கு அலைவது இதனால்தான்.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஆண்டைப் பார்க்கலாம். 1982 என்றே இருந்தால் இரண்டு வகையும் உண்டு, சின்னத் தராசில் வைத்தால் தெரிந்துவிடும். தராசு இல்லையென்றால் கல் மேடையில் போட்டுக் கேளுங்கள். செம்பு கிணீரென்று ஒலிக்கும். துத்தநாகம் சத்தென்று அடங்கிவிடும். வங்கியில் இருப்பு இருந்தால் 50 பென்னிகள் கொண்ட ரோல் 50 சென்ட்டுக்குக் கொடுப்பார்கள். அதைப் பிரித்துக் கொட்டிப் பொறுக்குவது எங்கள் வீட்டில் மழைநாள் வேலை. பொறுக்கியதுபோக மிச்சத்தை மறுபடி வங்கியிலேயே கொடுத்துவிடலாம்.

கறுத்துப்போன காசை அப்படியே அழுத்தினால் கறையும் சேர்ந்து நீளும். அதனால் முன்கூட்டியே துலக்கிவிட வேண்டும். இங்குள்ளவர்கள் வினிகரும் உப்பும் சொல்வார்கள். நம் வீட்டில் புளி இருக்கும்போது வினிகர் எதற்கு? செம்புக் குடம் துலக்குவதுபோலக் கொட்டை எடுத்த புளியோடு கல்லுப்பு வைத்து நாலு தேய் தேய்த்துத் தண்ணீரில் அலசித் துடைத்தால், 1960-களின் காசும் புதுசுபோலாகும். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: துலக்குவதெல்லாம் அழுத்துவதற்கு முன்புதான். பூச்சு கிழிந்த துத்தநாகக் காசின்மேல் புளியை வைத்தால் அமிலம் நேராகத் துத்தநாகத்தைப் பிடித்துவிடும்.

அழுத்திய காசின் முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடாதீர்கள். திருப்புங்கள். மொழுக்கென்ற உருளை பட்ட அந்தப் பக்கத்தில் பழைய காசின் சாயல் அப்படியே நீண்டு கிடக்கும். பென்னியில் இருக்கும் லிங்கனின் தாடியும் தாடையும் இழுபட்டு, எழுத்துகள் சாய்ந்து, ஆண்டு மட்டும் மங்கலாகத் தெரியும். எனக்கு முன்பக்கத்தைவிட இதுதான் பிடிக்கும். அந்த ஆண்டு தெரிவதற்காகவே, லிங்கன் இருக்கும் பக்கம் படம் பதியாதபடி காசை வைப்பேன். எந்தப் பக்கம் வைத்தால் எப்படி வரும் என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும், முதல் காசைப் போட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அக்கா பிறந்த வருஷத்துக் காசில் அக்காவோடு போன ஊர், அப்பாவும் அம்மாவும் கல்யாணம் செய்துகொண்ட வருஷத்துக் காசில் அவர்களைக் கூட்டிப்போன ஊர் என்று பொருத்திப் பொருத்தி வைத்திருக்கிறேன். வெளியாள் பார்த்தால் அருவிப் படம். எங்களுக்கு அதற்குமேல்.

காசை அழுத்தி நினைவுப் பொருளாக்கும் வழக்கம் அமெரிக்காவில் பிரபலமானது 1893-ஆம் ஆண்டு சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில். கொலம்பஸ் வந்த 400 ஆண்டு நிறைவுக்காக நடத்தியது, உலகின் முதல் ஃபெரிஸ் ராட்டினம் சுற்றியதும் அங்கேதான். மின்விளக்கு, ராட்டினம், நாலா தேசத்து மாளிகைகள் இவற்றுக்கு நடுவே ஒருவர் உருளை வைத்துக்கொண்டு வருகிறவர்களின் சில்லறையை வாங்கி, கண்காட்சியின் பெயர் பதித்து நீட்டிக் கொடுத்திருக்கிறார். அப்போது பென்னியில் லிங்கன் இல்லை, அவர் வந்தது 1909-ல். பூர்வகுடித் தலையணி அணிந்த சுதந்திர தேவியின் முகம்தான் அன்றைய சென்ட்டில் இருந்தது. அந்தக் காசில் அழுத்தியவை இன்றும் சேகரிப்பாளர்களிடம் இருக்கின்றன.

சிகாகோ, 1893 என்றதும் நமக்கு நினைவுக்கு வருகிறவர் வேறொருவர். ஆம், அதே கண்காட்சிதான். விவேகானந்தர் பேசிய சர்வமத மகாசபை அந்தக் கண்காட்சியோடு சேர்த்து நடத்தப்பட்டது. அவரை அனுப்பிவைக்கச் சென்னையில் அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டினார்கள். அந்தக் கண்காட்சியை அவர் சுற்றியும் பார்த்திருக்கிறார். பழைய சிகாகோ காசின் படத்தை எங்கே பார்த்தாலும், காவி உடையில் ஒருவர் அந்தக் கூட்டத்தில் அந்த உருளைக்காரரைக் கடந்து நடந்துபோயிருக்கலாமே என்று எனக்குத் தோன்றாமல் இருப்பதில்லை.

பிறகு 1901 பஃபலோ கண்காட்சி, 1904 செயின்ட் லூயிஸ் கண்காட்சி என்று காசு அழுத்துவது தொடர்ந்தது. 1966-ல் சேகரிப்பாளர்கள் தங்களுக்கென ஒரு சங்கமே வைத்துக்கொண்டார்கள். கையாலேயே உருளை வெட்டி, ஓரத்தில் தன் பெயரின் முதலெழுத்தைப் போட்டுவிடும் கலைஞர்கள் அவர்களில் உண்டு. நகைப் பட்டறை உருளையையே வாங்கி வீட்டில் வைத்து அழுத்துகிறவர்களும் உண்டு. இதைச் சொன்னதும் மாமா, "நான் அங்கயே இருந்திருந்தா வெட்டிக் குடுத்திருப்பனே" என்றார்.

காசை இப்படி நசுக்குவது குற்றமில்லையா என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். அமெரிக்கச் சட்டம் தடுப்பது ஏமாற்றும் நோக்கத்தோடு நாணயத்தை மாற்றுவதை. நினைவுக்காக நீட்டிய பென்னியைக் கொடுத்து யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது என்பதால் இதில் தடையில்லை. இந்தியாவில் கதை வேறு. அங்கே 2011 நாணயச் சட்டப்படி காசை உருக்குவதும் அழிப்பதும் குற்றம். ரயில் தண்டவாளத்தில் பத்துப் பைசாவை வைத்து, அது காந்தமாகிவிடும் என்று காத்திருந்த தலைமுறை நம்முடையது. தண்டவாளத்துப் பக்கம் பிள்ளைகளை விடவே கூடாது என்பதால் அதைப் பற்றி இதற்குமேல் எழுதமாட்டேன்.

ஜப்பானிலும் நாணயத்தைச் சேதப்படுத்தச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. அங்குள்ள இயந்திரங்கள் காசுக்குப் பதில் வெற்று உலோக வில்லையை அழுத்திக் கொடுக்கின்றன. ஐரோப்பாவில் பல இடங்களில் ஐந்து சென்ட் யூரோ காசு. அது செம்பு பூசிய எஃகு. கனடா 2013-லேயே பென்னியை வினியோகிப்பதை நிறுத்திவிட்டது.

அமெரிக்காவும் இப்போது வெற்று வில்லைப் பக்கம்தான் நகர்கிறது. புதிதாக வைக்கும் இயந்திரங்கள் பலவற்றில் கைப்பிடியே இல்லை. திரையில் படத்தைத் தொட்டு, கார்டைக் காட்டினால், மோட்டார் சுற்றி, இயந்திரமே தன்னிடமுள்ள வில்லையை அழுத்திக் கீழே போடுகிறது. விலையும் ஒரு டாலரைத் தாண்டிவிட்டது. படம் அழகாக, கோடில்லாமல், பளபளவென்று இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கும் கையில் வலு குறைந்தவர்களுக்கும் மோட்டார் நல்லதுதான். ஆனால் வெற்று வில்லைக்குப் பின்பக்கம் என்று ஒன்று இல்லை. திருப்பினால் லிங்கன் இல்லை, ஆண்டு இல்லை, யார் கையிலும் இருந்த தடம் இல்லை. அது சாவிக்கொத்தின் ஜாதியில் சேர்ந்துவிடுகிறது. மோட்டார் இயந்திரம் வைப்பவர்கள் தயவுசெய்து சொந்தக் காசு போட ஒரு துளையாவது விட்டுவைக்க வேண்டும்.

கைப்பிடி இயந்திரங்கள் இன்னும் நிறையவே இருக்கின்றன. போகிறவர்கள் கையோடு காசு கொண்டுபோங்கள், அங்கே போய்ப் பென்னியைத் தேடினால் இனிமேல் கிடைப்பது அரிது. இங்குள்ள சேகரிப்பாளர்களிடம் கற்றுக்கொண்ட ஒரு வழி: எம் அண்ட் எம்ஸ் மினிஸ் மிட்டாய் வரும் குழாயில் இரண்டு குவார்ட்டர், ஒரு பென்னி, மறுபடி இரண்டு குவார்ட்டர், ஒரு பென்னி என்று அடுக்கிக்கொண்டால் குலுங்காது, அளவும் கச்சிதம். வீட்டுக்கு வந்ததும் மென்மையான துணியால் விரல்தடம் போகத் துடைத்து, பிவிசி இல்லாத நாணய உறையில் போட்டுவையுங்கள். பிவிசி நாளாக நாளாகக் கசிந்து செம்பைப் பச்சையாக்கிவிடும். உறைக்குள் ஒரு துண்டுச் சீட்டில் தேதியும் கூட வந்தவர்கள் பெயரும் எழுதிப் போட மறக்காதீர்கள். படம் இடத்தைச் சொல்லும், யார் சுற்றினார்கள் என்பதைச் சொல்லாது.

வரும் விடுமுறையில் வாஷிங்டன் போவதாக இருக்கிறோம். 1959 முதல் 2008 வரை அடித்த பென்னிகளின் பின்பக்கத்தில் இருப்பது அந்த ஊர் லிங்கன் நினைவிடம். நல்ல காசாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால், நடுத் தூண்களுக்கு இடையே உட்கார்ந்திருக்கும் சிலைகூடக் கடுகளவில் தெரியும். இந்த ஒருமுறை மட்டும் ஆண்டு போனால் போகட்டும், நினைவிடம் நீண்டு நிற்கும்படி காசைத் திருப்பி வைக்கலாம் என்கிறான் பையன். நான் ஆண்டுதான் வேண்டும் என்கிறேன். 1970-களின் செம்புக் காசுகளாகப் பொறுக்கிப் புளியில் துலக்கி இரண்டு விதமாகவும் அழுத்துவதற்குத் தேவையானதை இப்போதே குழாயில் அடுக்கிவிட்டான்.